பத்தாவது ஆள்

பத்து என்பது சின்ன எண் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பந்தியில் பத்தே இலை என்றால் சமையற்காரர் சிரிப்பார். பஸ்ஸில் பத்துப் பேர் மட்டும் ஏறியிருந்தால் கண்டக்டர் விசில் கொடுக்க மாட்டார். ஆனால் பத்து ஆட்களைச் சேர்ப்பதற்காக ஒரு கிழவர் மூன்று நாள் டெலிபோனும் கையுமாக உட்கார்ந்திருந்ததையும், அப்படியும் ஒன்பதுக்கு மேல் எண்ண முடியாமல் நின்றதையும் பார்த்த பிறகு, அந்த எண்ணை நான் அலட்சியமாக உச்சரிப்பதில்லை.

இது நடந்தது அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில், 2018-ஆம் வருஷம். என் பெண் அங்கே ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தாள். அமெரிக்கா என்றதும் நம் மனசில் எழும்புகிற வானளாவிய கட்டடங்கள் ஒன்றுகூட அந்தப் பக்கம் கிடையாது. அந்தப் பிரதேசத்துக்கு 'டெல்டா' என்றே பெயர். "தஞ்சாவூரிலேயே இருக்கிற மாதிரி இருக்கும், வாங்க அப்பா" என்று ஆசை காட்டித்தான் அழைத்துப் போனாள். பூமி சமதளம், வண்டல் மண், பெரிய ஆறு, ஆற்றுக்கு உயரமான கரை, எல்லாம் வாஸ்தவம். ஆனால் நெல் இருக்க வேண்டிய இடத்தில் பருத்தியும் சோயாவும் இருந்தன. மனிதர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இயந்திரங்கள் இருந்தன. கடைத்தெருவில் பாதிக் கடைகளுக்குப் பலகை அடித்திருந்தார்கள்.

அப்படிப் பலகை அடித்த கடை ஒன்றின் சொந்தக்காரர்தான் நான் சொல்ல வந்த கிழவர். வயது எண்பத்தாறு. ரத்தக் கொதிப்புக்காக என் பெண்ணிடம் வருகிறவர். "என் அப்பா இறைச்சி சாப்பிட மாட்டார், அவரை எந்த ஹோட்டலுக்கும் அழைத்துப் போக முடியவில்லை" என்று அவள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். "அப்படியா? எண்பத்தாறு வருஷமாக எனக்கும் இதே கஷ்டந்தான். அவரை என்னிடம் அனுப்பி வையுங்கள்" என்றாராம் அவர்.

அவர் யூதர். யூதர்களுக்குப் பன்றி ஆகாது என்பது நமக்குத் தெரியும். செதிலும் துடுப்பும் இல்லாத மீனும் ஆகாது என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. டெல்டாவிலோ குளம் வெட்டி வளர்ப்பதெல்லாம் கெளுத்தி மீன். கெளுத்திக்குச் செதில் ஏது? ஊரே பன்றியும் கெளுத்தியுமாகச் சாப்பிடுகிற இடத்தில் இவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் முட்டையும் ரொட்டியும் கட்டிக்கொண்டு விருந்துகளுக்குப் போய் வருவார். சின்ன வயசில் இவர்கள் வீட்டுக்கு வேண்டிய இறைச்சி மெம்பிஸ் நகரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் பஸ்ஸில் வருமாம். அங்கேதான் விதிப்படி அறுத்துக் கொடுக்கிற கடைக்காரர் இருந்தார். பஸ் வழியில் நின்றுவிட்டால் அந்த வாரம் சைவம். "அந்த வாரங்களில் நாங்கள் உங்கள் மதம்" என்றார்.

நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம். தினமும் சாயங்காலம் பூட்டிய கடையின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். அவருக்குப் பேச்சுத் துணை இல்லை. எனக்கும்தான்.

அவருடைய தகப்பனார் லிதுவேனியாவிலிருந்து வந்தவர். முதலில் மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு பண்ணை பண்ணையாகப் போய் ஊசி, நூல், கண்ணாடி, துணி விற்றிருக்கிறார். பிறகு ஒரு கழுதை, பிறகு வண்டி, பிறகு கடை. மெம்பிஸில் இருந்த யூத மொத்த வியாபாரிகள் கடனுக்குச் சரக்குக் கொடுத்தார்கள். இவர், வாரத்துக்குச் சாகுபடி செய்த கறுப்பினக் குடியானவர்களுக்குக் கடனுக்கு விற்றார். பருத்தி எடுத்ததும் கணக்குத் தீரும். இப்படி டெல்டாவில் ஊருக்கு ஊர் யூதர் கடைகள் இருந்தன. 1927 வெள்ளத்தில் ஆற்றுக்கரை உடைந்து டெல்டா முழுவதும் கடலானபோது கடையில் சரக்கெல்லாம் போயிற்று. மறுபடியும் கடன், மறுபடியும் கடை.

கடை வைத்ததோடு ஒரு சங்கடமும் சேர்ந்து வந்தது. யூதர்களுக்கு ஓய்வு நாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சூரியன் அஸ்தமித்தால் அது பிறந்துவிடும். சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும் வரையில் கொடுக்கல் வாங்கல் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, எழுதக்கூட கூடாது. ஆனால் டெல்டாவில் பண்ணை ஜனங்கள் கடைத்தெருவுக்கு வருகிற ஒரே நாள் அந்தச் சனிக்கிழமைதான்! ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கிறிஸ்தவ ஊர்ச் சட்டம் இடம் கொடுக்காது. சனியும் மூடி ஞாயிறும் மூடினால் குழந்தைகள் எதைச் சாப்பிடும்?

"என் அப்பா வெள்ளிக்கிழமை ராத்திரி ஜெபாலயத்தில் முதல் வரிசையில் நிற்பார். சனிக்கிழமை காலை கடை திறப்பார். ஐம்பது வருஷம் இப்படி. அவர் சிகரெட் பிடிப்பவர். ஆனால் சனிக்கிழமை கடையில் உட்கார்ந்து பணம் வாங்குவாரே தவிர, சிகரெட் மட்டும் பற்ற வைக்க மாட்டார். கேட்டால், 'வியாபாரம் பிழைப்பு, அதைக் கடவுள் மன்னிப்பார். சிகரெட் சுகம், அதை எதற்கு மன்னிக்க வேண்டும்?' என்பார்."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த எத்தனையோ ஆசாரசீலர்களைவிட அந்தச் சிகரெட் பிடிக்காத கடைக்காரர் உயர்ந்து நின்றார்.

வேறொரு நாள், கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார். இதை எழுதலாமா என்று யோசித்தேன். அவரிடமே கேட்டேன், ஊரும் பேரும் இல்லாமல் எழுது என்றார். 1954-ல் டெல்டாவிலேயே இண்டியனோலா என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் ஒரு கவுன்சில் ஆரம்பித்தார்கள். கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பதைத் தடுப்பதுதான் அதன் வேலை. ஊருக்கு ஊர் கிளை. கடை வைத்திருப்பவர்களிடம் சந்தா கேட்டு வருவார்கள். கொடுக்காவிட்டால் வெள்ளை வாடிக்கை நின்றுவிடும், வங்கி கடன் தராது. இவருடைய தகப்பனார் சந்தா கட்டினார். கல்லாவில் போட்ட பணமோ கறுப்பின வாடிக்கைக்காரர்களுடையது. 1964-ல் வாக்குரிமை வேலைக்காக வடக்கேயிருந்து வந்த யூத இளைஞர்கள் இரண்டு பேரையும், அவர்களோடு இருந்த இந்த மாநிலத்துக் கறுப்பின இளைஞரையும் இதே மாநிலத்தில் கொன்று புதைத்தார்கள். அப்போதும் இவர்கள் வாய் திறக்கவில்லை. பேசிய ரபி ஒருவர் ஜாக்சன் நகரத்தில் இருந்தார். 1967-ல் முதலில் அவருடைய ஜெபாலயத்திலும், இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டிலும் வெடிகுண்டு வைத்தார்கள். அடுத்த வருஷம் மெரிடியன் ஊர் ஜெபாலயத்தில்.

"பயப்படக் காரணம் இருந்தது. ஆனாலும் சந்தா சந்தாதானே?" என்றார்.

பேசாமலிருந்தேன். பயந்து மௌனமாக இருந்த சந்தர்ப்பங்கள் யாருக்கு இல்லை?

ஒரு நாள் ஜெபாலயத்தைத் திறந்து காட்டினார். சாவி அவரிடந்தான். செங்கல் கட்டடம். நூற்றைம்பது பேர் உட்காரலாம். கிழக்குச் சுவரில் ஒரு மர அலமாரி. அதற்குள் பட்டுத் துணி சுற்றிய தோரா சுருள்கள். நான் அதிக நேரம் நின்றது பக்கச் சுவரின் எதிரில். வரிசை வரிசையாகப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றிலும் காலமானவர் ஒருவரின் பெயர், பக்கத்தில் ஒரு குட்டி பல்பு. அவரவர் திதி வருகிற வாரம் அந்தப் பல்பை ஏற்றுவார்கள். தகடுகளை எண்ணப் பார்த்தேன், நூற்றைத் தாண்டிவிட்டது. "உயிரோடு எத்தனை பேர்?" என்று கேட்டேன். "ஒன்பது" என்றார்.

1920-களில் மிசிசிப்பி மாநிலத்தில் ஆறாயிரம் யூதர்களுக்கு மேல் இருந்தார்கள். இந்தக் காலத்தில் இரண்டாயிரம்கூடத் தேறாது. யாரும் விரட்டவில்லை. பருத்தி எடுக்க இயந்திரம் வந்தது, குடியானவர்கள் சிகாகோவுக்குப் போய்விட்டார்கள், வாடிக்கை போயிற்று. அது பாதிதான். மூட்டை சுமந்தவர் கடை வைத்தார், கடை வைத்தவர் பிள்ளையைப் படிக்க வைத்தார், படித்த பிள்ளை அட்லாண்டாவிலும் ஹூஸ்டனிலும் டாக்டரும் வக்கீலுமாகிவிட்டான். கடைத்தெருவுக்கு அவன் எதற்குத் திரும்பி வரப்போகிறான்? இவருக்கும் இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் அப்படித்தான். நன்றாகப் பிள்ளை வளர்த்ததனாலேயே காலியான ஊர் அது. எங்கள் ஊர்த் தெருவில் பெரிய வீடுகளைப் பூட்டிக்கொண்டு கிழவர்கள் இருமுவது என் காதில் கேட்டது. என் பெண் டெல்டாவில் டாக்டராக இருப்பதும் ஞாபகம் வந்தது.

போர்ட் கிப்ஸன் என்று தெற்கே ஓர் ஊர். அங்கே 1892-ல் கட்டிய அழகான குவிமாட ஜெபாலயம் இருக்கிறது. 1986-ல் சபையில் ஆளில்லாமல் கலைத்துவிட்டார்கள். யூதரல்லாத ஒரு தம்பதி வாங்கி அது இடிபடாமல் காப்பாற்றினார்கள். "கட்டடம் பிழைத்தது" என்பார் கிழவர், வேறொன்றும் சொல்லாமல்.

இப்போது பத்துக்கு வருகிறேன். யூதர் ஒருவர் தனியாகவும் பிரார்த்தனை செய்யலாம். ஆனால் சில பிரார்த்தனைகளுக்குப் பத்து யூதர் கூட வேண்டும். இந்தப் பத்துக்கு 'மின்யான்' என்று பெயர். இறந்தவருக்காகச் சொல்கிற 'கத்தீஷ்' இந்தப் பத்துப் பேர் இல்லாமல் சொல்லக் கூடாது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கத்தீஷில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாதாம்; முழுக்க முழுக்கக் கடவுளின் புகழ்தான். துக்கத்தில் இருப்பவன் நாலு பேர் நடுவில் எழுந்து நின்று கடவுளைப் புகழ வேண்டும், நாலு பேர் 'ஆமென்' சொல்ல வேண்டும். சீர்திருத்தச் சபைகள் இந்தக் கணக்கைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. இவர்களுடையது பழைய வழக்கத்தை விடாத சபை. முன்பு பத்தும் ஆண்களாக இருக்க வேண்டும். 1973-ல் கன்ஸர்வேட்டிவ் பிரிவினர் பெண்களையும் எண்ணலாம் என்றார்கள். இந்த ஊர்ச் சபை அதைக் காரசாரமாக எதிர்த்ததாம். பிறகு ஆண்கள் எட்டாகக் குறைந்த வருஷம் பெண்களும் சமமானவர்களே என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்!

அக்டோபர் மூன்றாவது வெள்ளிக்கிழமை அவருடைய மனைவியின் திதி. புதன்கிழமையிலிருந்தே மடியில் கடையின் பழைய பில் புத்தகம். சபையாரின் டெலிபோன் எண்களெல்லாம் அதில்தான். உள்ளூரில் ஒன்பது பேர், அவரையும் சேர்த்து. பத்தாவதாக நூறு மைலுக்கு அப்பாலிருந்து ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டார். "நீங்களும் வாருங்கள், அவளுக்கு விருந்தாளி என்றால் பிடிக்கும்" என்றார் என்னிடம்.

போனேன். விதவைச் சகோதரிகள் இருவர், ஓய்வு பெற்ற கண் டாக்டர், பருத்தித் தரகர், தோட்டக்கார தம்பதி, ஒரு வக்கீல், ஒரு கல்லூரி வாத்தியார், இவர். நூற்றைம்பது இருக்கையில் ஒன்பது தலை. பித்தளைத் தகட்டில் அந்த அம்மாளின் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

கிழவர் எழுந்து ஆட்களை எண்ணினார். மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாதாம். பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வேத வாக்கியம் வைத்திருக்கிறார்கள். தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்பார்களே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது சொல்லோடு அவர் நின்றார். அந்தச் சொல்லுக்கு 'வரைக்கும்' என்று அர்த்தம் என்று பிறகு சொன்னார். பத்தாவது சொல்லுக்கு 'என்றென்றும்' என்று அர்த்தம்.

காத்திருந்தோம். அரை மணி. ஒரு மணி. ஜெபாலயத்து டெலிபோன் அடித்தது. எடுக்கக் கூடாத நாளானாலும் கண் டாக்டர் எடுத்தார். நூறு மைல்காரரின் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயன்றார்கள் என்பதுதான் சரி. ஒன்பது பேரும் நானுமாகப் பத்து உடம்புகள் அங்கே இருந்தன. எனக்குச் சுருக்கென்றது. எண்ணிக்கையில் சேர்க்கப்படாமல் உட்கார்ந்திருப்பது இன்னது என்று, நம் தேசத்தில் கோடிப் பேர் தினம் அனுபவித்ததை, நான் ஒரு மணி நேரம் மெத்தை வைத்த பெஞ்சில் அனுபவித்தேன்.

பருத்தித் தரகர் மெல்ல ஆரம்பித்தார். ஒன்பது பேரோடு தோரா அலமாரியைப் பத்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பழைய ரபிகள் விவாதித்திருக்கிறார்கள் என்றார். "அலமாரி ஒரு மனிதனா என்று உடனே இன்னொரு ரபி கேட்டதும் அதே பக்கத்தில் இருக்கிறது" என்றார் கிழவர். பிறகு அங்கி மாதிரி போர்த்தியிருந்த வெள்ளைச் சால்வையை மடித்தார். கத்தீஷ் இல்லாமலே மற்றப் பிரார்த்தனைகள் முடிந்தன.

திரும்பி நடக்கும்போது அவரே பேசினார்.

"உங்களுக்கு வருத்தம் என்று தெரியும்."

"கொஞ்சம்" என்றேன்.

"ஸோதோம் பட்டணத்தை அழிக்கப் போகிறேன் என்றார் கடவுள். ஐம்பது நல்லவர்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று ஆபிரகாம் பேரம் பேசினார். நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, கடைசியில் பத்து. அதற்குக் கீழே அவரே கேட்கவில்லை. நான் கடைக்காரன், பேரம் எனக்குத் தெரியும். இன்றைக்கு ஒன்பதும் ஒரு சிநேகிதரும் போதும் என்பேன். அடுத்த வருஷம் எட்டு போதும் என்பேன். நான் ஒருத்தன் மட்டும் மிஞ்சும்போது, ஒருத்தன் போதும் என்று என்னிடம் நானே சொல்லிக்கொள்வேன். அவளுடைய நாளில் அந்தப் பேரத்தை ஆரம்பிக்க வேண்டாம்."

எனக்குப் பதில் இல்லை. என் தகப்பனாரின் திதி புரட்டாசியில் வந்து போயிருந்தது. ஆறு பக்கத்தில் இல்லை, வாத்தியார் இல்லை, எள்ளுக்கு எங்கே போவது என்று, யாரும் கேட்காமலே மூன்று காரணம் சொல்லிக்கொண்டு, என் பெண்ணிடம்கூடச் சொல்லாமல் நாளைக் கழித்திருந்தேன். எள் அந்த ஊர்க் கடையிலேயே கிடைத்தது.

அதற்கு அடுத்த வாரம், அக்டோபர் 27, சனிக்கிழமை. பிட்ஸ்பர்க் நகரத்து ஜெபாலயம் ஒன்றில் காலைப் பிரார்த்தனையின்போது ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து பதினோரு பேரைக் கொன்றான். கிழவர் இரண்டு நாள் பெஞ்சுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "வெள்ளிக்கிழமை திறக்கிறேன். மூடினால் பயந்தேன் என்று ஆகும்" என்றார்.

நவம்பர் 2-ஆம் தேதி சாயங்காலம் என் பெண்ணும் நானும் போனபோது தெருவில் கார் நிறுத்த இடமில்லை. வாசலில் ஷெரீப்பின் வண்டி. உள்ளே நூற்றைம்பது இருக்கையும் நிறைந்து, சுவரோரமெல்லாம் நின்றார்கள். பாப்டிஸ்ட் பாதிரியார், மெதடிஸ்டுகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கறுப்பின சர்ச்சுப் பெண்மணிகள் பெரிய தொப்பிகளோடு முன்வரிசையில் இருந்தார்கள்; மடியில் கேக் டப்பாக்கள். "அவர்களுக்கெல்லாம் என் அப்பா சந்தா கட்டியது தெரியும்" என்றார் கிழவர் என் காதோடு. "தெரிந்துதான் வந்திருக்கிறார்கள்."

நேரமாயிற்று. அவர் எழுந்தார். இத்தனை கூட்டத்தில் தம் ஆட்களைத் தேடி, தலைக்கு ஒரு சொல்லாக, முணுமுணுத்துக்கொண்டே போனார். ஒன்பதாவது சொல்லில் வழக்கம்போல நின்றார். அப்போது பின்சுவரோரமாக நின்றிருந்த ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும், வகுப்பில் மாணவி போலக் கையைத் தூக்கினாள்.

"நானும் யூதப் பெண்தான்" என்றாள். வடக்கேயிருந்து பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்க இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்தவள். ஆகஸ்டிலிருந்து இந்த ஊரில் இருக்கிறாளாம். இங்கே ஜெபாலயம் இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கிழவர் பத்தாவது சொல்லைச் சொன்னார்.

பிட்ஸ்பர்க்கின் பதினோரு பேருக்காகவும், இரண்டு வாரம் தாமதமாகத் தம் மனைவிக்காகவும் அவர் கத்தீஷ் சொன்னார். குரல் சன்னமாக இருந்தது. கூட்டத்தில் பலருக்கு எங்கே 'ஆமென்' வரும் என்று தெரியவில்லை. தொப்பிப் பெண்மணிகள் மட்டும் ஓரிடத்திலும் தவற விடவில்லை.

எல்லாரும் கேக் தின்றுகொண்டிருக்கும்போது என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து பில் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஓய்வு நாள் பிறந்துவிட்டது, நான் எழுதக் கூடாது. அவளும் எழுதக் கூடாது" என்றார். "இந்த வேலைக்கு நீங்கள்தான் வேண்டும்."

பேனா என் சட்டைப் பையில் இருந்தது. அவள் நிறுத்தி நிறுத்தித் தன் டெலிபோன் எண்ணைச் சொல்ல, நான் எழுதினேன். அமெரிக்காவில் அதற்குப் பத்து இலக்கம். ஒன்றும் விட்டுப் போகவில்லையே என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.